கறுப்பன் வழுக்கிய தரை

பால் காய்ச்சிய மறுநாள்தான் கறுப்பனைப் புது வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆறு வயது நாட்டு நாய். பழைய வாடகை வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரையில் ஓடி, புரண்டு, எலி துரத்தி வளர்ந்தவன். வாசற்படியைத் தாண்டி ஹாலில் முன்கால் இரண்டையும் வைத்தான். அடுத்த நொடி நான்கு காலும் நான்கு திசைக்குப் போய், வயிறு தரையோடு ஒட்டிக்கொண்டது. எழப் பார்த்தான். நகங்கள் 'கிறீச்' என்றன. மறுபடி விழுந்தான். மூன்றாவது முறை முயலவே இல்லை. படுத்தபடி கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்த்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் விட்டேன். இருபத்திரண்டு கிலோ.

டைல்ஸ் வாங்கப் போனபோது கடையில் நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வீட்டுல நாய் இருக்கு தம்பி. கீறல் விழாத டைல்ஸா காட்டுங்க." கடைப் பையன் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "நீங்களே கீறிப் பாருங்க சார்" என்றான். அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அவன் ஈரத் துணியால் நன்றாகத் தேய்த்தான். கோடு காணாமல் போனது. "பாத்தீங்களா?" என்றான். பார்த்தோம், மயங்கினோம், நாலுக்கு இரண்டு அடி வெள்ளை டைல்ஸ், முகம் பார்க்கும் பளபளப்பு, நாற்பது பெட்டி.

அவன் எங்களை ஏமாற்றவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தந்தான். கேள்விதான் கோணல். அது புரிய, கறுப்பன் விழ வேண்டியிருந்தது.

நகமா, மணலா?

முதலில் அந்தச் சாவி வித்தையைச் சொல்லிவிடுகிறேன். எதை எது கீறும் என்பதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்தது. மிக மென்மையான டால்க் 1, வைரம் 10. எண் பெரிதாக உள்ள பொருள் சிறிதாக உள்ளதைக் கீறும். சிறியது பெரியதைக் கீறாது. பித்தளைச் சாவி இந்த அளவில் 3-ஐ ஒட்டி நிற்கிறது. டைல்ஸின் மேற்பூச்சு அதைவிடக் கடினம். ஆகவே கடையில் விழுந்த கோடு டைல்ஸில் விழுந்த கீறலே இல்லை. சாவி தேய்ந்து டைல்ஸில் ஒட்டிய உலோகம். துடைத்தால் போகாமல் என்ன செய்யும்?

நாயின் நகம் இந்த வரிசையில் எங்கே இருக்கிறது? நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனதுதான் அதுவும். நம் நகம் மோஸ் அளவில் 2.5. மார்பிள் 3. கண்ணாடி 5.5. கிரானைட் 6-லிருந்து 7. அதாவது கறுப்பன் நாள் முழுக்கத் தோண்டினாலும் நம் ஊர் வீடுகளில் போடும் டைல்ஸையும் கல்லையும் அவன் நகத்தால் கீறவே முடியாது. மார்பிளைக்கூட.

"அப்படின்னா எங்க வீட்டுத் தரையில இருக்கிற கோடெல்லாம் யார் போட்டது?" என்று கேட்பீர்கள். மணல் போட்டது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவில் 7. சென்னையில் காலையில் நாயைக் கடற்கரைக்கு நடத்திப் போகிறவர்கள் ஆயிரம் பேர். புறநகரில் பார்த்தால் தெருவுக்குத் தெரு எம்-சாண்ட் குவியல். கருங்கல்லை உடைத்துச் செய்த அதன் துகள் ஆற்று மணலைவிடக் கூர்முனையானது. நாயின் விரலிடுக்கிலும் பாதச் சதையின் வெடிப்பிலும் இந்தத் துகள்கள் பத்திரமாக உட்கார்ந்து வீட்டுக்குள் வருகின்றன. காலிங் பெல் அடித்ததும் நாய் வாசலுக்குப் பாய்கிறதே, அந்தப் பாய்ச்சலில் நகம் வெறும் கைப்பிடி, அறுப்பது மணல். உப்புத்தாளைக் காலில் கட்டிவிட்டு ஓடச் சொன்னது போல.

எனவே கீறலுக்கான மருந்தில் பாதி வாசலிலேயே இருக்கிறது. உள்ளே நுழையும் இடத்தில் தேங்காய் நார் மிதியடி ஒன்று, நாய் நாலு எட்டாவது அதன்மேல் வைக்கும் நீளத்துக்கு. பக்கத்தில் ஒரு ஈரத்துணி. நான்கு பாதத்தையும் துடைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. டைல்ஸுக்கு லட்ச ரூபாய் செலவழிக்கிறவர்கள் இந்தத் துணிக்கு மனம் வைப்பதில்லை.

பூட்ஸில் ஆணி

இப்போது வழுக்கலுக்கு வருவோம், விஷயமே அதுதான். நாய் உள்ளங்காலை ஊன்றி நடக்கும் பிராணி அல்ல, விரல்களில் நடப்பது. பூனையைப் போல நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவும் அதற்கு வராது. மண்ணில் ஓடும்போது இதுவே அதன் பலம். கால்பந்து வீரரின் பூட்ஸில் இருக்கும் ஆணி போல நகம் மண்ணைக் குத்திப் பிடிக்கும். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கரிசல் காட்டில் முயல் விரட்டித் திரும்பும் வேகம் இந்தப் பிடியில் வருவது.

அதே பூட்ஸோடு கண்ணாடி மேல் ஓடச் சொல்லுங்கள். நகம் குத்த இடமில்லை. குத்த முடியாத நகம் பாதச் சதையைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. பிடிக்க வேண்டிய சதை அந்தரத்தில், பிடிக்க முடியாத நகம் தரையில். வழுக்கியதும் நாய் பயப்படுகிறது. பயந்ததும் விரல்களை இன்னும் இறுக்கி நகத்தை இன்னும் நீட்டுகிறது. இன்னும் வழுக்குகிறது. போதாததற்கு நாய்க்கு வியர்ப்பது பாதத்தில். கால்நடை மருத்துவரின் எவர்சில்வர் மேஜை மேல் நின்ற நாயைக் கீழே இறக்கியதும் மேஜையில் நாலு ஈரத் தடம் இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

இளம் நாய்க்கு இது சறுக்கு விளையாட்டு மாதிரி தெரியலாம். ஆனால் லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு பரவலாக உண்டு. பிறவிக்கூறு முக்கியக் காரணம் என்றாலும், குட்டி வளரும் இடத்துக்கும் பங்கு உண்டு. நியூஃபவுண்ட்லேண்ட், லாப்ரடார், லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் என நான்கு இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த நார்வே ஆய்வு ஒன்று 2012-ல் வெளியானது. முதல் மூன்று மாதத்துக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் கோளாறு கூடுதலாகவும், மெத்தென்ற மண்ணில் அவிழ்த்துவிட்டு ஓடிய குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்ததை அது பதிவு செய்தது. வயசான நாய்க்கோ கணக்கு இன்னும் நேரடி. மூட்டு வலி வந்த நாய் வழுக்குத் தரையில் எழுந்திருக்கவே யோசிக்கும். எழாத நாயின் தொடைச் சதை வற்றும். வற்றினால் எழ இன்னும் முடியாது.

ஆகவே நாய் உள்ள வீட்டுக்காரர் கடையில் கேட்க வேண்டியது இரண்டு: மணல் இதைக் கீறுமா? இது நகத்துக்கும் பாதத்துக்கும் பிடி கொடுக்குமா? சிக்கல் என்னவென்றால் முதல் கேள்வியில் முதல் மார்க் வாங்கும் தரை பல நேரம் இரண்டாவதில் தோற்றுவிடும்.

கடையில் என்ன இருக்கிறது

இன்று தமிழ்நாட்டில் கட்டும் வீடுகளில் பத்தில் எட்டு என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு விட்ரிஃபைடு டைல்ஸ்தான். பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வருவது. மண்ணையும் கனிமத்தையும் அழுத்தி, 1,200 டிகிரிக்குச் சுட்டு, நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவாக ஆக்கியது. நாய் சிறுநீர் கழித்தாலும் டைல்ஸுக்குள் இறங்காது. இதுவரை நல்லது. ஆனால் விட்ரிஃபைடு என்ற ஒரே பெயருக்குள் பல ஜாதி.

ஜி.வி.டி. என்பது உடம்பு ஒன்று, முகம் ஒன்று. மேலே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கண்ணாடிப் பூச்சு. மார்பிளா மரமா என்று தெரியாத படமெல்லாம் அதன் கீழே அச்சாகி இருக்கிறது. பூச்சில் ஆழமாக அடிபட்டால் உள்ளே வேறு நிறம் பல்லிளிக்கும். டபுள் சார்ஜில் மேல் நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். ஃபுல் பாடியில் அடிவரை ஒரே நிறம். உளி பட்டுப் பெயர்ந்தாலும் அடையாளம் தெரியாது. கீறலை மட்டும் கணக்கில் எடுத்தால் பின்னால் சொன்ன இரண்டும்தான் ராஜா. ஆனால் டபுள் சார்ஜ் பெரும்பாலும் பாலிஷ் போட்டே வரும். நான் இன்றைக்கு வாங்கினால் ஃபுல் பாடி மேட், அது கட்டுப்படியாகாவிட்டால் மேட் பூச்சுள்ள ஜி.வி.டி. என்று போவேன். பூச்சுள்ள டைல்ஸின் தேய்மானத் தாக்குப்பிடிப்பை பி.இ.ஐ. என்ற எண்ணால் குறிப்பார்கள். 5 வரை உண்டு. நாய் வீட்டுக்கு 4-க்குக் கீழே வேண்டாம்.

வழுக்கலுக்கும் எண் இருக்கிறது. கடையில் நாமாகக் கேட்டால்தான் வரும். ஆர்-9, ஆர்-10 என்று ஆர்-13 வரை. ஜெர்மன் தர நிர்ணயம். சாய்தளத்தில் தரையைப் பதித்து, எண்ணெய் ஊற்றி, பூட்ஸ் போட்ட ஆள் ஒருவரை நடக்கவிட்டு, அவர் எத்தனை டிகிரி சாய்வில் சறுக்கத் தொடங்குகிறார் என்று பார்ப்பார்கள். 6-லிருந்து 10 டிகிரிக்குள் சறுக்கினால் ஆர்-9. 10-லிருந்து 19 வரை தாங்கினால் ஆர்-10. அதற்கு மேல் 27 வரை ஆர்-11. பூட்ஸ் காலுக்கான கணக்கு என்பதால் நாய்க்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஹாலுக்கும் படிக்கும் ஆர்-10 போதும். கார் நிறுத்துமிடத்துக்குப் போடும் பார்க்கிங் டைல்ஸை வீட்டுக்குள் போடுகிற தீவிரவாதிகளும் இருக்கிறார்கள். அப்படி ஒரு யோசனை எனக்கும் வந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா என் மனைவியிடம் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அந்தச் சொரசொர டைல்ஸ் வேணாங்க்கா, மாப்பு துணி கிழிஞ்சு என் முதுகும் கிழிஞ்சிரும்." தரையை யார் துடைக்கிறாரோ அவருக்கு ஓட்டுரிமை கொடுங்கள்.

இன்னொன்று, அளவு. எட்டடி நீள டைல்ஸ் இப்போது நாகரிகம். ஆனால் டைல்ஸ் சிறிதாக இருந்தால் இணைப்புக் கோடுகள் அதிகம். ஒவ்வொரு கோடும் நகத்துக்கு ஒரு படிக்கட்டு. அந்தக் கோட்டை வெறும் வெள்ளை சிமெண்டால் நிரப்பினால் சிறுநீர் அங்கே இறங்கித் தங்கும், நாற்றமும் கூடவே. நாற்றம் இருக்கும் இடத்தையே நாய் மறுபடி தேடும். எபாக்ஸி கிரவுட் விலை கூடத்தான். டைல்ஸ் மேஸ்திரியும் "அது கை வேலை ஜாஸ்திண்ணே" என்பார். போட வையுங்கள்.

கல்லில் கிரானைட்டை மணல் லேசில் தொடாது. பாலிஷ் போட்டால் வழுக்கும், லெதர் ஃபினிஷ் என்றால் பிடிக்கும். கடப்பா கல்லும் கோட்டா கல்லும் சுண்ணாம்பு வகை, மணல் கீறும். ஆனால் இயற்கையான சொரசொரப்போடு விட்டால் கீறலும் அந்த மேற்பரப்பில் ஒன்றாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. மார்பிள்? எலுமிச்சைச் சாறு பட்டாலே தழும்பாகும் கல்லில் குட்டி நாயை வளர்ப்பதாக இருந்தால் உங்கள் பொறுமையைப் பாராட்டுகிறேன்.

மரத்தரை ஆசை நம் ஊரிலும் வந்துவிட்டது. மரத்தின் கடினத்தை ஜங்கா எண்ணால் அளப்பார்கள்: 11.28 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குண்டைப் பாதி ஆழம் மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பது. அமெரிக்க ரெட் ஓக் 1,290. நம் தேக்கு ஆயிரத்தை ஒட்டி. அது பள்ளம் விழுவதன் அளவு; நாய் நகம் கீறுவதோ மரத்தின் மேல் பூசிய வார்னிஷை. எந்த மரமானாலும் வார்னிஷ் வார்னிஷ்தான். லாமினேட் இதில் கில்லாடி. அதன் மேலடுக்கில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கும். மோஸ் அளவில் 9-ஐத் தொடும் பொருள். மணலே தோற்கும். ஆனால் அடியில் இருப்பது மரத்தூள் பலகை. வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் நம் பழக்கத்துக்கும், சிறுநீர் கழித்துவிட்டு அப்பாவி போல் பார்க்கும் குட்டிக்கும் அது தாங்காது. இணைப்புகள் உப்பி எழும். சறுக்கவும் செய்யும். மர முகம்தான் வேண்டும் என்றால் எஸ்.பி.சி. பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்த பலகை, நீர் அண்டாது, காலுக்கு இதமான பிடிப்பு. மேலே இருக்கும் தேய்மான அடுக்கு 0.5 மி.மீ. இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 0.3 என்பது நாய் இல்லாத வீட்டுக்கு. என் குறை வேறு. சித்திரை வெயிலில் நாய் தேடுவது ஜில்லென்ற தரையை. எஸ்.பி.சி. மேல் அது கிடைக்காது.

ஜில்லென்று சொன்னதும் ஆத்தங்குடி நினைவுக்கு வருகிறது. காரைக்குடிக்குப் பக்கத்து அந்த ஊர்ப் பட்டறைகளில் டைல்ஸைச் சுடுவதில்லை. கீழே ஒரு கண்ணாடித் தகடு, மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ண சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். பின்னால் உலர்ந்த சிமெண்டும் மணலும், அப்புறம் கலவை. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்து எடுத்தால் கண்ணாடி தானே கழன்று வரும். அந்த மினுமினுப்பு கண்ணாடியின் முகத்திலிருந்து இறங்கியது. சிமெண்ட் என்பதால் மணல் கீறும், ஆனால் அந்தக் கீறல் வெள்ளைக் கோடாக முறைக்காது. நடக்க நடக்க, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்கத் தரைக்குள்ளேயே அமிழ்ந்துவிடும். புதிதில் வழுக்கும், போகப்போகப் பழகும். ஒரே பலவீனம், சிமெண்ட் உறிஞ்சும். சிறுநீரை உடனே துடைக்காவிட்டால் கறை. ஆசிட் பக்கமே போகக் கூடாது. அடக்கமான வளர்ந்த நாய் இருக்கும் வீட்டுக்கு ஆத்தங்குடிக்கு என் ஓட்டு. குட்டி இருந்தால் ஒரு வருஷம் பொறுங்கள்.

கறுப்பனின் தேர்வு

இத்தனையும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட பிறகு, மாடிப்படிக்கும் மேல் அறைக்குமாவது சரியாக வாங்குவோம் என்று ஆறு மாதிரி டைல்ஸைக் கடையிலிருந்து கடன் வாங்கி வந்தேன். வராந்தாவில் அடியில் ரப்பர் பாய் விரித்து, வரிசையாக அடுக்கி, ஒரு சொம்பு தண்ணீர் தெளித்து, கடைசியில் பொறை பிஸ்கட் ஒன்று வைத்தேன். கறுப்பன் பாலிஷ் டைல்ஸ் இரண்டையும் மோந்துகூடப் பார்க்காமல் சுற்றிப் போனான். சாட்டின் மேட் மேல் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். சர்க்கரை தூவியது போன்ற நுண்ணிய பொரிப்புள்ள 'சுகர் ஃபினிஷ்' மேல் ஏறியவன் அங்கேயே நின்று கழுத்தை நீட்டிப் பொறையை எடுத்தான். எந்த எண்ணும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. விரலால் தேய்த்துப் பார்த்த அந்த அக்காவும் "இது துடைக்கலாம்" என்றார். படிக்கு அதுதான் போட்டோம்.

நகத்தையும் அப்போதுதான் பார்த்தேன். நாய் நேராக நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்தால் நீளம் அதிகம் என்று அர்த்தம். தெருவில் திரியும் நாய்க்குத் தார் ரோடே நகவெட்டி. வீட்டு நாய்க்கு நாம்தான் வெட்ட வேண்டும். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக் குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பனுக்கு நகமும் கறுப்பு. அரிசி கனத்துக்கு அரிசி கனமாக, மூன்று வாரம் எடுத்து வெட்டினோம். சடை நாய்களுக்கு விரலிடுக்கு முடியையும் கத்தரிக்க வேண்டும். அந்த முடியே டைல்ஸ் மேல் பனிச்சறுக்குக் கட்டை.

ஹால் மட்டும் மிச்சம். நாற்பது பெட்டியைப் பெயர்க்கப் பணமும் இல்லை, மனமும் இல்லை. வீட்டில் இருந்த பவானி ஜமுக்காளத்தை முதலில் விரித்தேன். கறுப்பன் ஏறியதும் ஜமுக்காளமும் அவனுமாகச் சேர்ந்து சறுக்கிச் சுவரில் போய் முட்டினார்கள். அடியில் ரப்பர் வலை போட்டதும் அடங்கியது. அதைப் பார்த்து, ரப்பர் அடிப்புறம் உள்ள நீளப் பாய்களை வாங்கி, வாசலிலிருந்து அவன் தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து என் கட்டில் வரை ஒரு பாதை போட்டோம். இரண்டடி அகலம். வீட்டுக்கு வருகிறவர்கள் "என்ன, தண்டவாளம் போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். கறுப்பன் அதைவிட்டு ஒரு அங்குலம் இறங்குவதில்லை.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஹாலைக் குறுக்கே கடக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்துகொண்டிருந்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பாய் விரித்த மூன்றாம் நாள் பார்க்கிறேன், காபி டம்ளரோடு பாதையின் நடுவே கை வீசி வருகிறார். எதிரே கறுப்பன். "தள்ளுடா" என்றார் அம்மா. அவன் தள்ளவில்லை. இரண்டடிப் பாதையில் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தானே ஆக வேண்டும். இதுவரை ஒதுங்கியது அம்மாதான்.